பஸீஹா எழுத மறுத்த வசனம்

செய்தி வந்தபோது நான் சிலாபம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு கூட்டம் இருந்தது. பஸீஹாவின் தங்கை றிஸ்னாவின் பெயர் தொலைபேசித் திரையில் தெரிந்ததுமே பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். "ராத்தா விடியச் சுபஹோட மௌத்தாகிட்டா, கௌரியக்கா. அசருக்குப் பிறகு அடக்கம். உம்மா உங்களக் கேக்கிறா" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்திருப்பாள் போலும். புத்தளம் பஸ் புறப்பட ஆயத்தமாக உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டேன். கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்ற நினைவே பாலாவிச் சந்தியைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

உங்களில் பலருக்கு அவள் பஸீஹா மிஸ். கற்பிட்டியிலுள்ள எங்கள் கடல்சார் பாதுகாப்பு நிறுவனத்துக்கு எந்த நாட்டிலிருந்து இன்டர்னாக வந்தாலும், முதலில் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவள் அவள்தான். எனக்கு அவள் சக இன்டர்ன். போர் முடிந்து சில ஆண்டுகளில், அதுவரை நிவாரணம் பேசிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் மெல்லக் கடலின் பக்கம் திரும்பின. அப்படி வந்த ஒன்று கற்பிட்டியில் வீடொன்றை வாடகைக்கு எடுத்து, கள ஆய்வுக்கும் கொள்கை அறிக்கைகளுக்கும் பயிலுநர்களைத் தேடியது. நேர்முகத்துக்காக வெளியே காத்திருந்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு இடம்தான் எண்டா சண்டை வேணாம், நீங்களே எடுங்க. ரெண்டு எண்டா இண்டைக்கு மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டுல." இரண்டு இடங்கள் இருந்தன. அன்று மத்தியானம் அவளுடைய உம்மாவின் கையால் மீன் ஆணமும் சோறும் சாப்பிட்டேன்.

அந்த வீடு, தொண்ணூறில் போருக்கிடையே மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் இருந்த முகாமில், ஓலைக் குடிசையாகத் தொடங்கிக் கல் வீடாக வளர்ந்தது. தோணியில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது பஸீஹா மடியில் வைத்திருக்கும் வயதுக் குழந்தை. வாப்பா முகாமிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அதன்பிறகு அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் வாப்பாவின் தம்பி யூசுப் சாச்சா. அவர் ஊரையொட்டிய உப்புநீர்க் களப்பில் வலை போட்டுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்தார். இதை அவள் பெருமையாகவோ துயரமாகவோ சொன்னதில்லை. அவர் எந்த வலை போட்டார் என்பது பின்னால் பெரிய விஷயமாக வந்தது.

எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு சுவரொட்டி. கடற்புல் மேயும் அந்தப் பெரிய சாதுவான உயிரினத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கொழும்பில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். "கடற்பன்றியைப் பாதுகாப்போம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கண்டக்குழிப் பக்கம் ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு அதைக் கொண்டுபோனோம். அதிபர் வாசித்துவிட்டு, "இந்தப் பேரோட இத இங்க ஒட்டேலாது தங்கச்சி" என்று மிக மரியாதையாகத் திருப்பித் தந்தார். எங்கள் இந்து மீனவ ஊரான உடப்பில் அப்பா சொல்லும் பெயர் எனக்குத் தெரியும், ஆவுளியா. அதையே போடுவோம் என்றேன். அடுத்த கிழமை பெண்கள் கூட்டமொன்றில் "ஆவுளியாவைப் பாதுகாப்போம்" என்று நான் உரக்க வாசித்ததும் ஒரு மூத்த பெண் கையை உயர்த்தினார். "அவுலியாமார் பெரியவங்க. அவங்கதான் மகள் நம்மளப் பாதுகாக்கிறாங்க. நாம எப்பிடி அவங்களப் பாதுகாக்கிற?" இறைநேசர்களை அவுலியா என்பார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பஸீஹா முக்காட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கடற்பசு என்று மாற்றினோம். அதை நான் உடப்புக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "பசுவெண்டு முதலே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு காலம் திண்ட பாவத்த இனி எங்க போய்க் கழுவுறது?" என்றார். இதைப் பஸீஹாவிடம் சொன்னபோது பஸ்ஸிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, "ஒரு மிருகத்துக்குப் பேர் வைக்கவே இத்தன ஊரக் கேக்க வேண்டியிருக்கு. சட்டம் போடுறவங்க எத்தன ஊரக் கேக்கணும்?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த வசனம் வந்தது.

எங்கள் ஆலோசகர் இங்கிரிட், வட ஐரோப்பாவிலிருந்து வந்தவர். கடற்புல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாட்டை மறந்துவிடுவார், நல்ல மனிதர். களப்பின் எதிர்காலம் பற்றிய கொள்கை அறிக்கையை அவர் ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தார். தமிழாக்கம் பஸீஹாவின் பொறுப்பு. அதே கிழமைதான், வெளிநாட்டில் ஒரு சர்வதேசச் சுற்றாடல் அமைப்பில் உள்ளகப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று இங்கிரிட் பெயர் கொடுக்கவும் வேண்டியிருந்தது. அது பஸீஹாவாகத்தான் இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் எழுந்துபோய் இங்கிரிட்டின் மேசைக்கு முன்னால் நின்றாள். அகதிகள் பெருந்தொகையாக வந்து குடியேறியதே களப்பின் வளம் குறைந்ததற்கு முதன்மைக் காரணம் என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது.

"இந்த வசனத்தை நான் தமிழில் எழுதமாட்டேன்" என்றாள். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது.

"ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கிறதே" என்றார் இங்கிரிட்.

"ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். தமிழில் எழுதினால் என் உம்மா வாசிப்பார்."

இங்கிரிட் கேட்டார்: "அந்த வசனம் பொய்யா?"

பின்னாலேயே போய் நின்ற நான் அவளுடைய முழங்கையைத் தட்டினேன். அவள் கவனிக்கவில்லை. "எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இதற்கு முந்திய அறிக்கையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அவர்கள் அதற்கு முந்தியதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை."

இங்கிரிட் விறாந்தைக்குப் போய்க் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "அப்படியென்றால் நீங்கள் இருவரும் போய்க் கேளுங்கள். அதுவரை அச்சுக்குப் போகாது" என்றார். அந்த இடத்தில் வேறு யார் இருந்தாலும் அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கிரிட் செய்ததை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

களப்பைச் சுற்றி நடந்தோம். குறிஞ்சிப்பிட்டியில் பரம்பரையாக வாழ்ந்த மீனவர் ஒருவர், பஸீஹாவின் பேச்சிலேயே அவள் எந்த ஊர் என்று பிடித்துக்கொண்டார். "நீங்க வந்த நேரம் சோறு குடுத்தம், இருக்க இடம் குடுத்தம். களப்பையும் குடுக்கிறம் எண்டு நாங்க சொல்லேல்ல" என்றார். அவள் தலை குனியவில்லை. "ஓம் நானா, சோறு குடுத்தீங்க. உம்மா இண்டைக்கும் சொல்லுவா. களப்பக் கதைப்பம்" என்று, அண்ணனொருவரோடு கதைப்பதுபோல அவர் முன்னால் மணலில் உட்கார்ந்தாள். இறால் பண்ணைக்காக, மீன் குஞ்சு பொரிக்கும் களப்போரக் கண்டல் காடு வெட்டப்பட்டதை அவரே சொன்னார். போர்க்காலத்தில் கடலுக்குப் போக விடாததால் எல்லோரும் களப்புக்குள் நெருங்கியதையும் சொன்னார். முகாம்களில், வந்தவர்களுக்கென்று படகைக் கட்டி நிறுத்த ஒரு துறைகூட ஒதுக்கப்படாததைச் சொன்னார்கள். குஞ்சு மீனையும் விடாமல் அள்ளும், தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைப் பற்றி இரண்டு பக்கத்தாரும் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அந்த வலை இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் முகாம்களில் கூடுதலாக இருந்தது. யூசுப் சாச்சாவிடமும் இருந்தது.

அதை அவளுக்குப் புதிதாக யாரும் சொல்லத் தேவையில்லை. சிறுவயதில் அந்த வலையில் சிக்கிய குஞ்சு மீன்களை அவளும் தங்கையும்தான் கழற்றிப் போடுவார்கள். எழுத உட்கார்ந்தபோது நான், "கூடுதல் எண்ட சொல்ல விட்டிடுவம். இரண்டு பகுதியும் பாவிக்கினம் எண்டு போட்டாலே போதும்" என்றேன். அவள் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அத விட்டா மத்ததையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க, புள்ள." பிறகு, எனக்குச் சொன்னாளா தனக்கே சொன்னாளா தெரியாது: "அந்த வலதான் என்னப் படிப்பிச்சது. அதையும் நான்தான் எழுதணும்." கண்டல் காடு, மூடப்பட்ட கடல், கிடைக்காத துறை, தங்கூசி வலை எல்லாம் ஒரே பந்தியில் வந்தன. வலையைப் பறிப்பதற்கு முன் துறை கொடுக்க வேண்டும் என்று பரிந்துரையில் சேர்த்தாள்.

அதைப் பள்ளிக்கூட மண்டபத்தில் இரு தரப்புக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவளே கேட்டாள். உள்ளூர்க்காரர் ஒரு பக்கம், முகாம்காரர் ஒரு பக்கம். யூசுப் சாச்சா நடு வரிசையில் இருந்தார். தங்கூசி வலை பற்றிய இடம் வந்ததும் மண்டபத்தில் தலைகள் திரும்பின. சாச்சா எழுந்தார். "எங்கட பிள்ளையே எங்களச் சொன்னா பிறகு என்ன கதை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சிலர் பின்னால் போனார்கள். பஸீஹா நிறுத்தினாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, துறையைப் பற்றிய பகுதியை முன்பைவிட உரத்து, கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்க வாசித்தாள். வாசித்து முடிய, குறிஞ்சிப்பிட்டியில் சோறு கொடுத்த கதையைச் சொன்ன அதே மனிதர் எழுந்து, "துறை குடுக்கிறதுக்கு எங்கட சங்கம் குறுக்க நிக்காது" என்றார். அன்று அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இழுபட்டு இழுபட்டு ஒரு துறை கிடைத்தது. கேட்ட இடத்தில் அல்ல, ஆனாலும் கிடைத்தது.

சாச்சா அவளோடு பேசவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு. அவள் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பாள், அவர் குடிப்பார், பேசமாட்டார். இங்கிரிட் அவளுடைய பெயரையே கொடுத்திருந்தார். அவள் பயணம் போன காலையில், வான் வண்டி புறப்படும் நேரத்தில், சாச்சா புத்தளம் சந்தையில் வாங்கிய பழைய கம்பளிச் சட்டையொன்றைக் கொண்டுவந்து யன்னல் வழியாக உள்ளே நீட்டினார். "குளிருமாம்" என்றார். அவ்வளவுதான்.

அங்கே நாடுகள் கூடி உடன்படிக்கை எழுதும் மண்டபங்களில் அவள் தாள் பகிர்ந்தாள், பெயர்ப்பலகை வைத்தாள். உடன்பாடு வராத சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்களாம். ஒரு நாள் அழைத்தாள். "எங்கட சம்மதம் நேத்திலயிருந்து அடைப்புக்குறிக்குள்ள கிடக்கு, புள்ள. கரையில இருக்கிற ஆக்கள்ட சம்மதம் வேணும் எண்டு ஒரு நாடு சொல்லுது, வேணாம் எண்டு இன்னொரு நாடு சொல்லுது. நான் கோப்பும் கையுமா நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்." மறுநாள் மீண்டும் அழைத்தாள். சம்மதம் போய்விட்டது, கலந்துரையாடல் என்று வந்திருந்தது. கழிப்பறைக்குள் போய் அழுததாகச் சொன்னாள். பயிற்சி முடிந்து அங்கேயே இருக்கச் சொன்னபோது அவள் மறுத்ததற்கு நீங்கள் பல காரணம் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்னிடம் சொன்னது இது: "அங்க ஒரு சொல் போனா யாருட்டயும் போய்ச் சொல்ல ஏலாது. இங்க சொல்லலாம். ஏசுவாங்க. ஏசட்டும்."

திரும்பி வந்து இன்டர்ன்களுக்குப் பொறுப்பாளரானாள். முதல் கிழமை யாருக்கும் கேள்வித்தாள் கொடுக்கமாட்டாள். ஒரு வீட்டில் போய் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து வந்த பிள்ளையொன்று ஏன் கல்யாணம் கட்டவில்லை, தாயை யார் பார்க்கிறார்கள், நாய்க்கு எதற்குச் சட்டை என்று துளைக்கப்பட்டு, களைத்துப்போய் வந்து நின்றது. "இப்ப விளங்குதா, நாங்க கேக்கிறது அவங்களுக்கு எப்பிடி இருக்குமெண்டு?" என்று சொல்லி அதற்கு வட்டிலப்பம் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை நேற்று எனக்கு எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை, பஸீஹாவின் பெயர் மட்டும்.

நோய் போன வருடம் வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கை மெலிந்திருந்தது. கண் மட்டும் பழைய கண். யாரோ ஒரு இன்டர்னின் வரைவு மடியில் இருந்தது. "மக்கள் விரும்புகிறார்கள் எண்டு எழுதியிருக்கு. எந்த மக்கள்? பேர் தெரிஞ்ச ஒருத்தராவது இருக்காரா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். நோயைப் பற்றிப் பேச விடவில்லை.

அடக்கத்துக்கு ஆண்கள் போன பிறகு உம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். சாச்சா மையவாடியிலிருந்து திரும்பி வந்து, வளவில் நின்ற என்னிடம் வந்தார். "அவ வாசிச்சது உண்மையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் மகள். கோவத்தில எழும்பிப் போகேல்ல. எல்லாரும் என்னப் பாத்தாங்க, அதான்."

"அவகிட்டச் சொன்னீங்களா?" என்றேன்.

"இல்ல" என்றார். "அவ கேக்கவுமில்ல." தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

போன கிழமை ஒரு அறிக்கை என் கையொப்பத்துக்கு வந்தது. கரையோர மக்கள் விழிப்புணர்வு குறைந்தவர்கள் என்று அதில் ஒரு வரி. ஆங்கிலத்தில் கண் வழுக்கிக்கொண்டு போகும் வரிதான். நானே எத்தனையோ தரம் எழுதியிருக்கக்கூடியது. பேனையை வைத்துவிட்டு அதைத் தமிழில், வாய்விட்டு, உடப்பில் அப்பாவுக்கு முன்னால் நின்று சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. யாரைக் கேட்டீர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒரு மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதுமுன், அவர் அதை வாசிப்பார் என்று நெஞ்சுக்குள் வருகிற அந்தப் பயம்தான் பஸீஹா எனக்கு விட்டுப்போனது. அது என்னிடம் இருக்கட்டும்.