கோடாங்கி கேட்ட கேள்வி

தம்பி வேண்டும் என்று மாரியம்மன் கோயிலில் விழுந்து விழுந்து கும்பிட்டவள் நான். அதனால் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, நானே பெற்றுக் கொண்டுவந்தது போல, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகப் பெருமையடித்துத் திரிந்தேன். அவனோடு திரும்பி வந்த அம்மாதான் எனக்குப் பிடிபடவில்லை. அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பால் கொடு என்றால் கொடுப்பாள், சொல்லாவிட்டால் மறந்துபோவாள். எனக்குத் தலை பின்னும்போது பாதியில் கை நின்றுவிடும். என்மேல்தான் கோபமோ என்று, யாரும் சொல்லாமலே பாத்திரமெல்லாம் கழுவி வைத்தேன். அதற்கும் அழுதாள்.

பத்தியம் சமைத்துப் போட அப்பாவின் அக்கா மடுல்சீமையிலிருந்து வந்திருந்தார். கோழி முட்டையிடாவிட்டால்கூட அத்தையிடம் அதற்கொரு பேய் இருக்கும். அம்மாவை இரண்டு நாள் பார்த்தார், முடிவு சொல்லிவிட்டார்.

“பச்ச ஒடம்போட தண்ணி எடுக்கப் பீலிக்கரைக்குப் போயிருக்கா. எதுவோ ஏறிக்கிச்சு. கோடாங்கியக் கூப்புடு. அது போகாட்டி புள்ளைய நான் மடுல்சீமைக்குத் தூக்கிட்டுப் போயிருவேன், ஆமா.”

அப்பா தோட்டத்துத் துரையையே எதிர்த்துப் பேசுகிறவர். அக்காவிடம் மட்டும் மறுத்துப் பேசமாட்டார். தம்பி அத்தையின் பக்கத்தில், பேய் அண்டாமலிருக்கத் தலைமாட்டில் வைத்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு தூங்க ஆரம்பித்தான். பாலுக்கு மட்டும்தான் அம்மாவிடம் போவான்.

எனக்கோ ஒரே குழப்பம். பேய்க்குக் கால் இருக்காது என்பார்கள். அம்மா தூங்கும்போது சேலையை விலக்கிப் பார்த்தேன். அதே வெடித்த குதிகால், அதே அட்டை கடித்த தழும்புகள். அப்படியானால் உள்ளே இருப்பது யார்?

ஞாயிற்றுக்கிழமை கோடாங்கி வந்தார். லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. உடுக்கையை அடித்து, அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார். “யாரு நீ? பேரச் சொல்லு!”

அம்மா நிமிர்ந்து தன் பெயரையே சொன்னாள். “நான்தாங்க. வேற யாரும் இல்ல. எனக்கு எதுவுமே முடியலங்க.”

“பொல்லாததா இருக்கே! அவ பேருக்குள்ளயே ஒளிஞ்சிக்கிட்டிருக்கு” என்றார் கோடாங்கி. சிலர் சிரித்தார்கள். வேப்பிலை அடி விழுந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில்தான். அத்தை உள்ளே போய்த் தம்பியின் துணிகளைப் பையில் வைக்கத் தொடங்கினார்.

நான் அம்மாவின் காதருகே போய், “யாரு பேரையாவது சொல்லிரும்மா. தம்பியக் கொண்டுபோயிருவாங்க” என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, நான் பிறக்கும் முன்பே செத்துப்போன தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்து வீசிவிட்டு, “போயிட்டா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டா” என்றார் கோடாங்கி. அதைக் கேட்டதும் அம்மா குரலெடுத்து அழுதாள். நான் மட்டும் சந்தோஷமாக ஓடிப்போய், பையிலிருந்த துணிகளை வெளியே எடுத்துப் போட்டேன்.

அந்த வாரமே தம்பியை எடை நிறுத்துப் பார்க்கத் தோட்டத்து மருத்துவிச்சி வந்தார். நிறுத்தார். ஆனால் உடனே போகவில்லை. அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “புள்ள நல்லா இருக்கான். நீ எப்படி இருக்க?” என்று கேட்டார்.

“எனக்கு எதுவுமே முடியலங்க” என்றாள் அம்மா. கோடாங்கியிடம் சொன்ன அதே வார்த்தைகள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவிச்சி அப்பாவைக் கூப்பிட்டார். “இது பேயும் இல்ல பிசாசும் இல்ல. புள்ள பெத்தவங்களுக்கு வர்ற மனவருத்தம், அதுவும் ஒரு நோய்தான். நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்து இருக்கு, சரியாப் போயிரும்.”

மறுநாள் அப்பா அம்மாவின் கையைப் பிடித்து பஸ் ஏற்றினார். தம்பி அம்மாவின் மடியில் இருந்தான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பதுளை வரும்வரை ஒன்றையே யோசித்துக்கொண்டு போனேன். பேய்தான் போய்விட்டதே, பிறகு மருந்து யாருக்கு?