இடக்கைச் சிலுவை

வங்காலையில் எங்கள் வீட்டில் செபமாலையைப் படுத்துக்கொண்டுதான் சொல்வோம். சுவாமியாருக்குத் தெரிந்தால் வாங்கிக் கட்டியிருப்போம். ஆனால் வலை இழுத்துக் களைத்து வந்த மனிதரை முழந்தாளில் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்வார், நான் மறுபாதியைச் சொல்வேன். இடையில் கடல் இரையும். செபம் எங்கே முடிந்தது, நித்திரை எங்கே தொடங்கியது என்று இருவருக்குமே தெரியாது.

அவருக்குப் பல வருடமாகப் பிரஷர். அதற்கான குளிசையை நினைத்தால் போடுவார். தலையிடித்தாலும் நெஞ்சு படபடத்தாலும் "விடியட்டும்" என்பதுதான் அவருடைய வேதம்.

அன்றிரவும் அப்படியே மிதந்துகொண்டிருந்தோம். யன்னலால் சோளகக் காற்று வந்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்த பாதி திடீரென்று குழைந்தது.

"மாதாவுக்கே தாலாட்டோ?" என்று பகிடி பண்ணினேன்.

அவர் சிலுவை போட்டார். நிலவில் அந்தக் கை நெற்றிக்குப் போய் மெதுவாக நெஞ்சுக்கு இறங்கியது. யாரோ எங்கோ செய்வதுபோல் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது இடது கை.

பிள்ளைகள் இடக்கையால் சிலுவை போட்டால் தட்டிவிடுகிற மனிதர் அவர். என் நித்திரை எங்கே போனதோ தெரியாது. லைற்றைப் போட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலக்கையைத் தூக்கச் சொன்னேன், வரவில்லை.

"வலை இழுத்த விறைப்பு... விடியட்டும்" என்று குழறினார்.

"உங்கட விடியலும் நீங்களும். பேசாமல் படுங்கோ."

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா கோப்பியோடு ஓடிவந்தார். "ஒரு வாய் குடிக்கட்டும். குளிசையையும் ரெண்டாய்ப் போடுவம்."

"ஒண்டும் வேண்டாம் அக்கா, புரைக்கேறிப் போகும். முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் உடன கொண்டுவரச் சொல்லி கிளினிக்கில சொன்னவை. வீட்டில அண்ணையை எழுப்பி உங்கட வானை எடுக்கச் சொல்லுங்கோ."

வான் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். மன்னார் வெளிச்சங்கள் அதில் நீளநீளமாகக் கிடந்தன. அவர் தலை என் மடியில் இருந்தது. செபத்தின் இரண்டு பாதிகளையும் நானே சொன்னேன். இது கனவாக இருக்கட்டும், இவரை எடுத்துவிடாதே என்று மாதாவோடு சண்டையும் பிடித்தேன். பட்டணத்து வீதியில் படுத்திருந்த கழுதைகள் ஹோர்னுக்கு அசையவில்லை. நானே இறங்கி விரட்டினேன்.

"நல்ல நேரம், விடியட்டும் எண்டு இருக்கேல்லை நீங்கள்" என்றார், நடந்ததைக் கேட்ட ஆஸ்பத்திரி டொக்டர்.

பேச்சு மெல்லமெல்லத் திரும்பியது. வலக்கை நெஞ்சுவரைதான் வரும். இப்போது செபம் தொடங்கும்போது அந்தக் கையைப் பிடித்து நான்தான் நெற்றியில் வைத்துவிடுகிறேன்.

"இடக்கையாலயே போடுங்கோவன், மாதா கோவிக்கமாட்டா" என்றேன் ஒருநாள்.

"மாதாவுக்கில்லை" என்றார். "நீ பயந்திடுவாய்."