மகளின் பைபிளில் ஒரு தோணி

மகளுக்கு வாங்கிய புதுப் பைபிளை, அழுக்காகிவிடும் என்று அலுமாரியிலேயே வைத்திருந்தேன். ஆலயத்தில் என்னுடையதைத்தான் பார்ப்பாள். ஒரு ஞாயிறு, எனக்குத் தெரியாமல் அந்தப் புதியதை எடுத்து வந்திருந்தாள். பிரசங்கத்தின்போது பார்த்தால், பக்க ஓரத்தில் பென்சில் கோடுகள்.

"வேதத்தில கிறுக்கிறியா?" என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கிள்ளி, பைபிளைப் பறித்துவிட்டேன்.

வீட்டில்தான் திறந்து பார்த்தேன். இயேசு புயலை அடக்கிய இடத்தில் சின்னத் தோணி; அதன்மேல் 'அப்பா' என்று எழுதியிருந்தாள். என் கணவர் கல்முனைக் கடலில் மீன் பிடிப்பவர்.

"அப்பா கடலுக்குப் போற நாளில எடுத்து இதத்தான் வாசிப்பன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் கடலுக்குப் போன எந்த நாளிலும் நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவளுடைய பைபிள் அவள் கையில்தான் ஆலயத்துக்கு வருகிறது. பென்சிலைச் சீவிக் கொடுப்பது நான்.