பஸ் கம்பியில் மோதிய கழுத்து

1992 ஜூலை 8, புதன்கிழமை. பம்மலில் எங்கள் வீட்டில் வழக்கம்போல் விடிவதற்குள் குழாயில் தண்ணீர் பிடித்து, காபி குடித்து, ரேடியோவில் செய்தி கேட்டு, எட்டு மணிக்கு நானும் மனைவியும் தாம்பரம் பஸ் ஏறினோம். நான் அலுவலகத்துக்கு, அவள் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் பள்ளிக்கு.

எருமை ஒன்று குறுக்கே வர, டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். முன் சீட்டின் இரும்புக் கம்பியில் அவள் கழுத்து மோதியது. அவளுக்குக் கழுத்தின் முன்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு கழலை பல வருடங்களாகவே உண்டு. வலிக்கவில்லை என்று விட்டுவைத்திருந்தோம். "ஒத்தடம் குடுத்தா சரியாயிடும்" என்று அவளே முடிவு செய்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாள். நானும் லீவு சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டி, சூடாக ஒத்தடம் வைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் குரல் கம்மியது. படுத்தால் மூச்சு முட்டியது. தயிர் கொடுக்க வந்த தயிர்க்காரம்மா அவளைப் பார்த்து அலறினார்.

"இன்னா சார், கழுத்து பூரி கணக்கா உப்பிக்கினு கீது, நீ பேப்பர் படிச்சிக்கினு கீற! ஓடு, ஆட்டோ இட்டுக்கினு வா!"

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைப் படுக்கவே விடவில்லை. உட்கார வைத்தே ஆக்சிஜன் கொடுத்தார். கழலையில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், சின்ன அடி பட்டாலும் உள்ளே கசியும், சூடு வைத்தால் இன்னும் கசியும் என்றார். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழல் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது.

"உடனே ஆபரேஷன் சார். உறைஞ்ச ரத்தத்தோட தைராய்டுல கழலை இருக்கிற பாதியையும் எடுக்கணும். குரல் நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுது. குரல் போகவும் சான்ஸ் இருக்கு."

நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரல் அது. அவளோ மூச்சு வாங்கிக்கொண்டே, "போனா இவருக்குத்தான் லாபம் டாக்டர், வீடு அமைதியாயிடும்" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் ஆபரேஷன் முடிந்தது. மூச்சு சீராக வந்தது. ஆனால் அன்று அவளைப் பேசவிடவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டரம்மா வந்து, "எங்க, ஈ சொல்லுங்க" என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே "ஈ..." என்று இழுத்தாள். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் முழுக் குரல். அப்போது வந்த நிம்மதி, இன்றும் அவள் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.