கனகா தேர்ந்தெடுத்த ஊக்கு

கனகாவுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. தண்ணீர் கேன் போடுகிறவன் மணி அடித்தாலும் கதவுத் துளை வழியே பார்த்து, யார் சொல்லி வந்தாய், எந்த மாடிக்கு என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். வளைகுடா நாட்டில், அல் ஐன் ஊரில் பெண்கள் தையல் கடையில் வேலை. வாடிக்கையாளர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால் போதும், இவள் ரவிக்கையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். இரண்டு நாள் போட்டுவிட்டு அளவு சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டல்லவா? சும்மா சொல்லக்கூடாது, பாதி நேரம் அவள் நினைத்தது சரியாகவே இருக்கும்.

வேலைக்குப் போய்வருகிறேன் என்று மானாமதுரையில் பஸ் ஏறிய புருஷன் போனவன் போனவன்தான். இரண்டு பெண்பிள்ளைகளையும் நாத்தனார் வடிவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியவள் கனகா. அப்படிப்பட்டவளுக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்?

குளிர்காலத்தில் கடை முடிந்து அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இருட்டிவிடுகிறது. அங்கிருந்து பில்டிங்குக்குப் போக லாரிகள் நிற்கும் மணல் திடலைக் கடக்க வேண்டும். கொஞ்ச நாளாக அதே பஸ்ஸில் ஒருவன் இறங்குகிறான். ஒல்லி உடம்பு, காதுவரை இழுத்துவிட்ட குல்லா. இவள் நடந்தால் நடக்கிறான், நின்றால் போனைப் பார்க்கிறான். போலீஸில் என்னவென்று போய்ச் சொல்வது, பின்னால் நடந்தான் என்றா?

கையில் எதையாவது வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். அறைத் தோழி ருமைஸாவிடம் யோசனை கேட்டாள். அவள் கீழக்கரைப் பெண், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

"வடிவுகிட்ட அந்த மிளகு ஸ்பிரே ஒண்ணு வாங்கி அனுப்பச் சொல்லவா?"

"அதெல்லாம் இங்க கூடாதுக்கா. பிடிச்சா கேஸு, விசா கலாஸ், ஊருக்கு அனுப்பிருவாக. அப்புறம் புள்ளைக படிப்பு?"

பிள்ளைகள் படிப்பு என்றதும் கனகா ஸ்பிரேயை மறந்தாள். கத்தி ஒன்று வாங்கலாமா என்று கேட்க இருந்ததையும் விட்டுவிட்டாள். கடைக் கத்தரிக்கோலைப் பையில் போட்டுப் பார்த்தாள். தையல்காரி என்று சமாளித்துவிடலாம்தான். ஆனால் பயத்தில் ஆழமாகக் குத்திவிட்டால்? தன் கையையே அவள் நம்பவில்லை, திருப்பி வைத்துவிட்டாள். மிளகாய்ப்பொடியைப் பொட்டலம் கட்டி மொட்டைமாடியில் வீசிப் பார்த்தாள். காற்று அத்தனையையும் அவள் முகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தது. ருமைஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கண்ணைக் கழுவிவிட்டாள்.

கடைசியில் ஊக்குதான் என்று ஆனது. மதுரை பஸ்ஸில் வந்து உரசியவன்களை அலறவைத்த அதே ஆயுதம், இப்போது கொஞ்சம் பெரிய சைஸில். கனத்த துணிக்குக் குத்துகிற ஊக்கு. யார் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்க முடியாது. துப்பட்டா ஓரத்தில், கட்டைவிரலுக்கு எட்டும்படி குத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை லாரிகளுக்கு நடுவே வரும்போது பின்னால் காலடி நெருங்கியது. கனகா ஊக்கைக் கழற்றி, விரலிடுக்கில் முனை வெளியே தெரியப் பிடித்துக்கொண்டாள். தோளில் கை பட்டால் குத்திவிடுவது என்றுதான் இருந்தாள்.

"அக்கா, நீங்க தமிழா?"

அவ்வளவுதான். ஒரு வாரப் பயம் ஒரு பேச்சில் இறங்கிவிட்டது.

"ஆமா. நீங்களும் தமிழா? தெரியாமப் போச்சே."

"பஸ்ல நீங்க போன் பேசுனதக் கேட்டேன். ஊர்ல எங்கக்கா?"

வளைகுடாவில் இந்தக் கேள்விக்கு வாயைத் திறக்காத தமிழரை எங்கே போய்த் தேடுவது? மாவட்டத்தில் ஆரம்பித்தால் தெருவில் வந்து நிற்கும், தெருவைத் தாண்டினால் குடும்பமே வெளியே வந்துவிடும். மானாமதுரை என்றாள். "எங்க ஆளுக அங்க நெறைய இருக்காகளே, எந்தத் தெரு?" என்றான். பில்டிங் வாசல்வரை பேச்சு நீண்டது. நடுவில் எப்போது ஊக்கை மூடிக் குத்திக்கொண்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அறைக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தாள். ருமைஸா கட்டிலில் பையை விரித்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். லீவு நாளான வெள்ளிக்கிழமைதோறும் அவள் அபுதாபியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

"நம்ம ஆளுதான்டி. பாவம், நான்தான் ஒரு வாரமா வீணாப் பயந்துக்கிட்டுக் கிடந்தேன்."

"பேரு என்னவாம்?"

கனகா சொல்ல வாயெடுத்தாள். பேர் வரவில்லை.

"எந்த ஊராம்?"

"எங்க ஆளுக மானாமதுரைல இருக்காகன்னு சொன்னாரு."

"அது அவுக ஆளுக. அவரு எந்த ஊரு? எந்தக் கம்பெனி?"

கனகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்டதெல்லாம் அவன்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

புருஷன் இல்லாதது, பிள்ளைகளின் பேர், வடிவு வீட்டுத் தெரு, கடையின் பேர், இந்த மூன்றாவது மாடி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ருமைஸா துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நான் வெள்ளிக்கிழமை இருக்க மாட்டேன்னும் சொன்னீங்களா?"

"நானாச் சொல்லலடி. லீவு அன்னிக்கு ரூம்ல யாரெல்லாம் இருப்பீகன்னு அவரு கேட்டாரு."

ருமைஸா போய்க் கதவைத் தாழிட்டாள். யாரிடமும் துணைக்கு இரு என்று கேட்டுப் பழக்கமில்லாத கனகா, தன்னைவிடச் சின்னவளான அந்தப் பெண்ணின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ போகாத ருமைஸா."