சுவரில் காதை வைத்த சனிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு என் அக்கா மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. கிள்ளானில் ரயில் ஏறியதிலிருந்தே அவளைவிட எனக்குத்தான் குஷி. நான் சுபாங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைகிறவள். அந்தக் கட்டடத்தைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். நேரில் போவது அதுதான் முதல் தடவை.

அக்கா மகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். வெளியே வந்துவிட்டால் சத்தமே வராது. ஏதாவது வேண்டுமென்றால் என் கழுத்தைக் கட்டி இழுத்துக் காதில் கிசுகிசுப்பாள், அவ்வளவுதான்.

“தண்ணி தவிச்சாக்கூட யாருகிட்டயும் கேக்க மாட்டா. கைய விட்டுடாத லா,” என்று அக்கா கிளம்பும்போது இரண்டு முறை சொன்னாள்.

விட்டுவிட்டேன்.

எல்லாம் அந்தக் கூடம் செய்த வேலை. நுழைந்ததுமே தலைக்கு மேல் குவிமாடம், மூன்று மாடி உயரத்தில். விளக்கு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, ஆனால் வெளிச்சம் சுற்றிலும் வழிந்துகொண்டிருந்தது. முதல் மாடியில், கூடத்தைச் சுற்றி வளையம் போல ஒரு நடைபாதை. அதன் சுவர் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் வழவழவென்று வளைந்து போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. படியேறும் இடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர் “ஈரமா இருக்கு, பாத்து” என்றதற்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே ஓடி, படமாக எடுத்துத் தள்ளினேன்.

“பாப்பா, பாத்தியா!” என்று திரும்பினால் பாப்பா இல்லை.

வளையத்தை இரண்டு சுற்று ஓடினேன். கழிவறை, கடை, படிக்கட்டு, எங்கும் இல்லை. கீழே சுற்றுலாப் பேருந்துகளில் வந்திறங்கிய கூட்டம் முட்டி மோதியது. வாசலுக்கு வெளியே கார்கள் பறக்கிற பெரிய சாலை. வாசலில் நின்ற காவலரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். காவலர் ஒலிபெருக்கியில் அவள் பெயரை மலாயிலும் ஆங்கிலத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வாயே திறக்காத பிள்ளை இதற்கா பதில் சொல்லப் போகிறது?

மறுபடி வாசலுக்கு ஓடப்போனவளை ஒரு கை பிடித்து நிறுத்தியது. அதே தரை துடைக்கிற அக்கா.

“ஓடாதீங்க தங்கச்சி. புள்ள பேசுமா?”

“காதுலதான் பேசும்க்கா,” என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“அப்ப வாங்க என்கூட.”

இழுக்காத குறையாக என்னை மறுபடியும் அந்த நடைபாதைக்கே கூட்டிப்போனார். “இந்தச் சுவத்துல காத வைங்க. காலைல யாரும் இல்லாதப்ப நான் இத தொடைப்பேன். அந்தக் கடைசில செக்யூரிட்டி கார்டு மெதுவா ஃபோன்ல பேசுறது இங்க என் காதுகிட்ட பேசுற மாதிரி கேக்கும். கூட்டம் இருந்தாதான் கேக்காது.”

சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கீழே குனிந்து காவலரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: “போஸ்! சுரு செமுவா டியாம்!” எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லு என்று மலாயில்.

காவலர் ஒரு கணம் விழித்தார். பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். முதலில் பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். அப்புறம் அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். ஒரு சீனத் தாத்தா தன் கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அழுத குழந்தையை ஓர் அம்மா வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார். அத்தனை பேரும் எனக்காக மூச்சை அடக்கி நின்றார்கள்.

சில்லென்ற சுவரில் கன்னத்தை ஒட்டவைத்து, “பாப்பா, சித்தி பேசுறேன். எங்க இருக்க?” என்று கிசுகிசுத்தேன்.

ஒன்றும் இல்லை. மறுபடி சொன்னேன்.

“துணிக்குப் பின்னால,” என்றது சுவர்.

சத்தியமாக என் காதுக்குள்ளேயே பேசினாள்! வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் பராமரிப்புக்காக ஒரு பகுதியைத் திரைத்துணி போட்டு மறைத்திருந்தார்கள். அதை இருமுறை தாண்டி ஓடியிருக்கிறேன். துணியை விலக்கினேன். உள்ளே, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கப் போனவள், ஒலிபெருக்கியில் தன் பெயர் வந்ததும் திட்டப் போகிறார்கள் என்று பயந்து அங்கேயே பதுங்கிவிட்டாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் கீழே கைதட்டல் கிளம்பியது பாருங்கள், குவிமாடம் முழுக்க உருண்டு உருண்டு வந்தது.

அதற்கப்புறம் அவள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். அந்த அக்கா எதிர்ப்பக்கம் போய் நின்று சுவரிடம் ஏதோ சொல்ல, இவள் காதை வைத்துக் கேட்டு, கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள். வெளியிடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை.

வளைவு வளைவாக நான் வரைந்து தள்ளியிருக்கிறேன். ஒரு வளைவு என்ன செய்யும் என்று அந்த அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குள் போனாலும், அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், அங்கே தினமும் வேலை செய்கிறவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறேன்.