சந்தனம் வைத்த சர்வர்

"ஓடுற மெஷின்ல எதுக்குமா கைய வைக்கிற? சும்மா விடு லா."

சிங்கப்பூர் எல்லைப் பக்கம் உள்ள உலு திராமில் நான் வேலை பார்க்கும் லாரி கம்பெனியின் முதலாளி இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கேட்டது புது மெஷின் இல்லை, சம்பள உயர்வு இல்லை. ஒரு சின்னக் கோப்பை மாற்ற அனுமதி, அவ்வளவுதான்.

இணையத்தில் எந்தப் பெயரைத் தேடினாலும் அது எங்கே இருக்கிறதென்று எங்கள் ஆபீஸ் கணினிகளுக்குச் சொல்வது ஒரு டிஎன்எஸ் சர்வர். அதற்கே வழி தெரியாதபோது முதலில் போய்க் கேட்க வேண்டியவை ரூட் சர்வர்கள். அவற்றின் முகவரிகள் ஒரு கோப்பில் பட்டியலாக அதற்குள் இருக்கும்; நான் மாற்றக் கேட்டது அதைத்தான். எப்போதாவது ஒரு முகவரி மாறும்; பழையது கொஞ்ச காலம் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த புண்ணியவான், மற்ற சர்வர்களெல்லாம் தூரத்து நாடுகளில் என்று நினைத்து, இரண்டே முகவரிகளை வைத்துக்கொண்டு பாக்கியை அழித்திருந்தார். அந்த இரண்டும் மாறிவிட்டன. சர்வர் அணையாமல் ஓடியதால், முன்பே கேட்டுத் தெரிந்துகொண்ட புது முகவரிகளை நினைவில் வைத்துச் சமாளித்தது. அணைத்தால் நினைவு போய்விடும், பழைய பட்டியலைத்தான் திறக்கும். முதலாளியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் லீவு எடுத்துக்கொண்டு என் ஊரான பத்து பாகாட்டில் எங்கள் வீட்டில் இருந்தேன். லாரிகளைக் கழுவி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது கம்பெனி வழக்கம். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் இயக்கக் கூடாது. என் சர்வர் அறையை எப்போதும் விட்டுவிடுவார்கள். அந்த முறை முதலாளிக்குப் பக்தி முற்றிவிட்டது. "அதுவும் நமக்குச் சோறு போடுற ஆயுதம்தானே, அணைச்சிட்டுப் பொட்டு வை" என்று துப்புரவு வேலை பார்க்கும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது சர்வர் சந்தனமும் குங்குமமுமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பெயருக்கும் பதில்தான் இல்லை. சிங்கப்பூர் போக வேண்டிய லாரிகள் இணையத்தில் பெர்மிட் போட முடியாமல் நின்றன. முதலாளி எல்லார் முன்னாலும் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த வயர புடுங்குன? நாளையிலேருந்து வேலைக்கு வராத!"

"நீங்க சொன்னீங்கன்னு சுவிட்ச மட்டும்தான் பாஸ் அமுக்குனேன். காலையில அதையே மறுபடி போட்டேன். வேற எதையும் தொடல" என்று அக்கா அழுதார்.

ஆத்திரத்தோடு நேராகச் சர்வர் அறைக்குள் போனேன். கைபேசி இணையத்தில் புதுப் பட்டியலை இறக்கி, பழையதன் இடத்தில் போட்டு, சர்வரை மறுபடி இயக்கினேன். ஒரு கோப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் வந்துவிட்டது.

"பாத்தியா, பூஜை பலிச்சிருச்சு" என்று முதலாளி சிரித்தார்.

"பூஜை இல்ல பாஸ். இதத்தான் நான் அத்தன தடவ கேட்டேன், நீங்க விடல. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்கள அனுப்புனீங்கன்னா நானும் போறேன்."

சிரிப்பு நின்றது. "சரி லா, ரெண்டு பேரும் வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவிடம் ஒரு சாரி கிடையாது.

இப்போது பட்டியலை யாரையும் கேட்காமல் நானே புதுப்பித்துவிடுகிறேன். அறைக் கதவில் தொடக் கூடாது என்று எழுதி முதலாளியே ஒட்டியிருக்கிறார். அக்காவுக்காகத்தான் ஒட்டினார் என்பது எல்லாருக்கும் தெரியும். வேலை தப்பிய அக்கா, வாசல் வரைக்கும் கூட்டிவிட்டு நின்றுவிடுகிறார். "உள்ள நீயே கூட்டிக்கம்மா" என்று துடைப்பத்தை என்னிடம் நீட்டுகிறார். அணைக்கச் சொன்னது முதலாளி, வாசலில் நிற்பது அக்கா; ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.